கேட்டுக்கு வெளியே போன மின்சாரம்

வீட்டுக்கென்று வாங்கிய மின்சாரம் வீட்டுக்குள்ளேயே அடங்கி ஒடுங்கிக் கிடக்க வேண்டும் என்பது மின் வாரியத்தின் கொள்கை. அது சமையலறையில் அரைக்கலாம், கூடத்தில் சுற்றலாம், குளியலறையில் கொதிக்கலாம். வாசற்படியை மட்டும் தாண்டக் கூடாது. இப்படி ஒரு கொள்கை இருப்பது வாரியத்துக்கே தெரியாது. பல்செட்காரர் போய் எழுப்பிவிடும் வரைக்கும் அது ஏதோ ஒரு பீரோவில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

பல்செட்காரர் என்றால், பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சுகளை வைத்துக்கொண்டு வீட்டு முன்னறையில் பல்செட் செய்து கொடுப்பவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்கு ஈறு புண்ணாகிவிடும் என்பதால், எதையும் உள்ளது உள்ளபடி செய்கிற வியாதி அவருக்கு முப்பது வருஷமாக உண்டு. அவர் மனைவி கணக்கு டீச்சர். டீச்சர் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவருடைய சிறுநீரகங்கள் அதற்கு ஆறு மாதம் முன்னாலேயே வேலையை விட்டிருந்தன. வாரத்தில் மூன்று நாள், இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் படுத்து, டயாலிசிஸ் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும். இரண்டு நாள் தவறினால் மூச்சு முட்டும். அதற்கு மேல் தவறினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

வாடகைக் காரிலேயே போய்வந்து சேமிப்பு முக்கால்வாசி கரைந்த பிறகு, ஒரு நாள் டீச்சர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் மல்லாந்தபடியே மனக்கணக்குப் போட்டார்.

"என்னங்க, ஒரு பழைய கரண்டு காரு வாங்கி வீட்லயே சார்ஜ் போட்டா, ஒரு தடவ இங்க வந்து போக ஒரு காபி காசுதான் ஆகுது. இப்ப வாடகை வண்டிக்கு அறுபது காபி குடுத்துட்டிருக்கோம்."

பல்செட்காரர் மறுநாளே மிச்சமிருந்த கால்வாசியையும் துடைத்தெடுத்து, இரண்டு கை மாறிய சின்னக் கார் ஒன்றை வாங்கிவிட்டார். நாலு மாதம் எல்லாம் டீச்சர் சொன்னபடியே நடந்தது. போய்வர ஒரு காபி. ஏசியைப் போட்டால் ஒன்றேகால். அந்த நாலு மாதமும் பல்செட்காரர் அச்சு வார்க்கும்போது பாட்டெல்லாம் முணுமுணுத்தார்.

அப்போதுதான் வாரியம் விளம்பரம் போட்டது. வீட்டில் கார் சார்ஜ் செய்கிறவர்கள் முறையாகப் பதிவு செய்துகொண்டால் கட்டணத்தில் ஐந்து சதவீதம் சலுகை.

"அஞ்சு சதவீதம்னா ஒரு காபில ஒரு வாய். பேசாம விடுங்க," என்றார் டீச்சர்.

"அவங்களா கூப்பிட்டுக் குடுக்கறப்ப போகலன்னா நல்லாவா இருக்கும், டீச்சர்?" என்றார் பல்செட்காரர். அவர் மனைவியை வீட்டிலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"அவங்களா கூப்பிட்டுக் குடுக்கறாங்கன்னாதாங்க ரெண்டு தடவ யோசிக்கணும்."

பல்செட்காரர் ஒரு தடவைகூட யோசிக்காமல் கிளம்பினார்.

வாரிய அலுவலகம் ஆஸ்பத்திரிக்குப் போகும் அதே சாலையில்தான் இருக்கிறது. பட்டப்பகலிலும் அதன் வாசலில் தெருவிளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரியும். அவற்றை அணைக்கிற சுவிட்சுப் பெட்டி அலுவலகச் சுவரிலேயே, வாட்ச்மேன் நாற்காலிக்கு மேலே, கைக்கு எட்டுகிற உயரத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது. எட்டித்தான் யாரும் பார்த்ததில்லை. உள்ளே நுழைந்ததும் ‘மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவீர்’ என்று ஒரு பலகை. அதைப் படிப்பதற்கு வசதியாக அதற்குள் இரண்டு டியூப்லைட் எரியும்.

மனுவில் பதினாலு கட்டங்கள். பெயர், முகவரி, மீட்டர் எண் என்று எட்டுக் கட்டம் வரைக்கும் தடங்கல் இல்லை. ஒன்பதாம் கட்டத்தில் ‘பெறப்படும் மின்சாரம் செலவாகும் இடம்’ என்று இருந்தது. அதுவரை மனுப் போட்ட அத்தனை பேரும் அதில் ‘வீடு’ என்று எழுதியிருந்தார்கள். யோசித்து எழுதவில்லை, சுவரில் ஒட்டியிருந்த மாதிரி மனுவைப் பார்த்து எழுதினார்கள். பல்செட்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். கார் வீட்டில் சும்மாதானே நிற்கிறது? நிற்கிற வண்டிக்கு ஏது செலவு? ஓடினால்தானே செலவு? ‘சாலையில்’ என்று திருத்தமான கையெழுத்தில் எழுதி மூன்றாம் ஜன்னலில் நீட்டினார்.

மூன்றாம் ஜன்னலில் இருந்த குமாஸ்தா முத்திரையை ஓங்கியவர், ஓங்கிய கையோடு நின்றார்.

"சாலையிலயா?"

"ஆமாங்க. வண்டி ஓடறது ரோட்லதானே?"

"அப்ப வீட்டு மீட்டர்ல வாங்கற கரண்ட்ட ரோட்டுக்குக் கொண்டுபோறீங்க."

"நான் எங்கங்க கொண்டுபோறேன்? வண்டி போகுது, கூடவே அதுவும் போகுது."

"எத்தன மாசமா நடக்குது இது?"

பல்செட்காரருக்கு அப்போதுதான் வியர்த்தது. "நாலு மாசமா. எல்லாரும் அப்படித்தாங்களே? செல்போனக்கூட வீட்ல சார்ஜ் போட்டுட்டு வெளிய போய்த்தானே பேசறோம்?"

"செல்போனுக்கும் சட்டம் அதேதான், சார். ஆனா என் சர்வீஸ்ல ஒருத்தர்கூட அத எழுத்துல ஒத்துக்கிட்டதில்ல," என்று சொல்லிவிட்டு குமாஸ்தா எழுந்து நின்றார். "நீங்கதான் மொதல் ஆளு. ஐயாவப் பாருங்க."

ஐயா என்பது பொறியாளர். அவர் அறையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க மூன்று மின்விசிறிகள் சுற்றின. அவர் மனுவைப் படித்தார், பீரோவிலிருந்து ஒரு தடிப்புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார், படித்தார். பிறகு பல்செட்காரரைக் கனிவோடு பார்த்தார்.

"உக்காருங்க. நீங்க தப்பு பண்ணணும்னு பண்ணல, அது தெரியுது. ஆனா பாருங்க, ஒரு வீட்டுக்கு நாங்க மின்சாரம் குடுக்கறது பொண்ணக் கட்டிக்குடுக்கற மாதிரி. வீட்டுக்குள்ள வச்சு என்ன வேலை வேணா வாங்கிக்குங்க, நாங்க கேக்கப்போறதில்ல. ஆனா அத இப்படி ரோட் ரோடா இழுத்துட்டுப் போனா எங்களுக்கு என்ன மரியாதை?"

"ஐயா, அதுல வீடுன்னு மாத்திக் குடுத்துடறேன். ஒரு வார்த்தைதானே?"

"எழுதினத மாத்தினா அது திருத்தம். திருத்தத்துக்கு வேற மனு. அதுல மொதல் கட்டமே ‘முன்பு ஏன் பொய் சொன்னீர்?’னு இருக்கும். அதுக்கு என்ன எழுதுவீங்க?"

"நான் பொய்யே சொல்லலையேங்க!"

"அப்ப திருத்தம் எதுக்கு?" என்று பொறியாளர் புத்தகத்தை மூடினார்.

ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. வாரியத்திலிருந்து எதுவுமே ஒரே வாரத்தில் வந்ததில்லை. மின்தடை மட்டும்தான் உடனே வரும். பல்செட்காரர் வீடு இனி வீடு இல்லை, ‘மின்சார ஏற்றுமதி இல்லம்’. காருக்குள் போகும் மின்சாரத்துக்கு ஏற்றுமதி வீதம். போய்வர ஒரு காபி ஆனது ஒன்பது காபி ஆனது.

டீச்சர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார். "உண்மை எழுதறதுக்கு ஊர்ல வேற எடமே கெடைக்கலையா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார். பல்செட்காரர் அன்றைக்கு ஒரு கீழ்வரிசைப் பல்செட்டை மேல்வரிசை என்று நினைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பெரிய குடை, அதன் கீழே ஒருவர். ஏற்றுமதி நடக்கிற இடத்தில் வாயில் அலுவலர் இருந்தே ஆக வேண்டுமாம். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. கார் வெளியே போகும்போது குனிந்து, உள்ளேயிருக்கும் திரையில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார். பதிவேட்டில் ‘ஓட்டுநர் ஒன்று, பயணி ஒன்று, மின்சாரம் எண்பது சதவீதம்’ என்று எழுதுவார். டீச்சரைப் பார்த்து, "ஒடம்பப் பாத்துக்குங்கம்மா" என்பார். பிறகு டீச்சரிடமே கையெழுத்து வாங்குவார். இரண்டாம் நாள் புழுக்கம் தாங்கவில்லை என்று ஒரு மேசை விசிறியைக் கொண்டுவந்து, "ஒரு பிளக்கு மட்டும் குடுங்க சார்" என்று கேட்டார். பல்செட்காரர் இரக்கப்பட்டு முன்னறையிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார். விசிறி கேட்டுக்கு வெளியே சுற்றியதால் அதையும் அலுவலர் ஏற்றுமதியில் எழுதிக்கொண்டார். சட்டம் சட்டம்தானே என்று அவரே வருத்தப்பட்டார்.

முதல் நாள் எண்பதில் போன கார் ஐம்பத்திரண்டில் திரும்பி வந்தது. அலுவலர் கையை நீட்டி நிறுத்தினார்.

"சார், அம்பத்திரண்டு சதவீதம் உள்ள வருது."

"வரட்டுமே. என் கரண்டுதானே?"

"உங்களுதுதான். ஆனா நீங்கதான் வெளிய அனுப்பிட்டீங்களே. இப்ப இது எங்க கம்பி வழியா வராம உங்க வீட்டுக்குள்ள நுழையுது. இதுக்கு இறக்குமதித் தீர்வை இருக்கு, சார்."

அது ஏற்றுமதி வீதத்தைப் போல இரண்டு மடங்கு. டீச்சர் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் முடிந்து வருகிற நாளில் அவருக்குச் சண்டை போடக்கூட ரத்தம் போதாது.

அடுத்த வாரம் இன்னொன்று வெடித்தது. கார் ஊருக்குள் நுழையும் மேம்பாலத்தில் சரிவில் இறங்கும்போது பிரேக்கை அழுத்தினால் பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறும். அந்த வகைக் கார்களின் சுபாவம் அது. அதை அலுவலர் எங்கோ படித்துவிட்டார். பாலத்தின் உச்சியில் எவ்வளவு, அடிவாரத்தில் எவ்வளவு என்று கேட்டார். உள்ளது உள்ளபடி சொல்கிற வியாதிக்காரர், "உச்சில அம்பத்தொண்ணு, கீழ அம்பத்திரண்டு" என்று சொல்லித் தொலைத்தார். மறுநாள் வாரியத்திலிருந்து வந்த நோட்டீஸ், உரிமம் இல்லாமல் மின் உற்பத்தி நிலையம் நடத்தியதற்கு விளக்கம் கேட்டது. அன்றிலிருந்து அவர்கள் மேம்பாலத்தை விட்டுவிட்டு, ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

போய்வர ஒரு காபி ஆன இடத்தில் இப்போது நாற்பது காபி ஆனது. சேமிப்பு இல்லை. வாரம் மூன்று நாளை இரண்டாக்கலாமா என்று டீச்சர் ஒரு நாள் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார். பல்செட்காரர் முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாருடையதோ ஒரு பல்செட்டைக் கையில் வைத்தபடி அழுதார்.

அழுது முடித்து வெளியே வந்தபோது டீச்சர் கூடத்தில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார்.

"இங்க வாங்க. பூஜ்யத்துக்குத் தீர்வை எவ்வளவு?"

"பூஜ்யம்."

"அவ்வளவுதான். போய்வரத் தேவையான அளவுக்கு மட்டும் சார்ஜ் போடுவோம். வீட்டு வாசலுக்கு வர்றப்ப ஒண்ணுமே மிச்சம் இருக்கக் கூடாது."

டீச்சர் கணக்கு என்றைக்கும் தப்பாது, சாலைதான் தப்பும். ஒரு நாள் சிக்னலில் கூட்டம் இல்லாமல் மூன்று சதவீதம் மிஞ்சும். இன்னொரு நாள் காற்று பின்னாலிருந்து வீசி இரண்டு மிஞ்சும். மிஞ்சியதை எரிக்காமல் வீட்டுக்குள் போக முடியாது. ஆகவே தெருமுனையில் காரை நிறுத்தி, நட்டநடுப் பகலில் முகப்பு விளக்கைப் போட்டு, ஏசியை முழுக்கத் திருப்பி, மழையே இல்லாமல் வைப்பரை ஆட்டவிட்டு, ரேடியோவை அலறவிட்டு, இருவரும் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். டீச்சருக்குக் குளிர் ஆகாது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்குவார். வீடு கண்ணுக்கு எதிரே இருக்கும். உள்ளே கட்டில் இருக்கும். பல்செட்காரர் ஜென்மத்தில் ஈ எறும்பை வைததில்லை; அந்தக் காருக்குள் உட்கார்ந்து வாரியத்தை வாய்விட்டு வைதார். அதன் கம்பம், கம்பி எதையும் விட்டுவைக்காமல் வைதார். ரேடியோச் சத்தத்தில் அது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

டீச்சரே ஒரு நாள் நேரில் முறையிட்டார். கையில் ஊசிக் கட்டோடு பொறியாளர் முன்னால் போய் உட்கார்ந்தார். பொறியாளர் உருகிப்போனார்.

"அம்மா, வாரியத்துக்கு மனசு இல்லன்னு நெனைக்காதீங்க. நோயாளிகளுக்குன்னே எங்ககிட்ட விலக்கு இருக்கு. நோயாளி பயணம் பண்ற வண்டிக்கு ஏற்றுமதி வீதம் கெடையாது. இன்னிக்கே எழுதித் தர்றேன்."

"ரொம்ப நன்றிங்க. அப்ப இனிமே பழைய கட்டணம்தானே?"

"போறப்ப பழைய கட்டணம். வர்றப்ப கெடையாது."

"ஏங்க?"

"வர்றப்பதான் சிகிச்ச முடிஞ்சுடுச்சே! சிகிச்ச முடிஞ்சவங்க எப்படி நோயாளி ஆவாங்க?"

"ரெண்டு நாள் கழிச்சு மறுபடி போறேனே?"

"அப்ப மறுபடி நோயாளி. அத நாங்க மறுக்கலையே," என்ற பொறியாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மூன்று விசிறிக் காற்றிலும் அவர் குரல் தெளிவாக இருந்தது. "நீங்க படிச்சவங்க, சொன்னா புரிஞ்சுக்குவீங்க. ஜனங்க நெனைக்கறாங்க, மின்சாரம் குடுக்கறதுக்காக வாரியம் இருக்குன்னு. அப்படி இல்லம்மா. வாரியம் இருக்கறதுக்காகத்தான் மின்சாரம் குடுக்கறோம். எல்லாருக்கும் அவங்க அவங்க இஷ்டத்துக்கு, மலிவா, தடையில்லாம குடுத்துட்டா அப்பறம் எங்களத் தேடி யாரு வருவாங்க? இப்பப் பாருங்க, ஒடம்பு முடியாதப்பகூட நீங்க வந்திருக்கீங்க. எங்களுக்கு அது பெருமையா இருக்கு."

டீச்சர் எழுந்தார். "முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்குடுத்தவ நான். விடை தப்பா இருந்தாலும் போட்ட வழிக்கு ரெண்டு மார்க்காவது குடுப்பேன். உங்களுக்கு அதுவும் குடுக்க முடியாதுங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். வரும்போது மூன்றாம் ஜன்னலில் வெற்று மனு நாலு கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே அப்போது தெரியாது. பரீட்சை ஹாலில் மிச்சமான தாளை எடுத்து வைத்துக்கொள்கிற பழக்கம்.

அடுத்த வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வரும்போது டீச்சருக்கு ரத்த அழுத்தம் இறங்கிப்போயிருந்தது. கொஞ்ச நேரம் படுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார். பாதி வழியில் வாரியம் கேபிள் புதைப்பதற்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தது. மூன்று கிலோமீட்டர் சுற்று. அந்த மூன்று கிலோமீட்டர் கணக்கில் இல்லாதது. கார் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து, முன்சக்கரம் இரண்டும் கேட்டுக்குள் நுழைந்ததும் அடங்கிப்போனது. திரையும் செத்துவிட்டது.

வாயில் அலுவலர் ஓடிவந்து குனிந்து பார்த்தார்.

"எத்தன சதவீதம்?"

"ஒண்ணும் இல்லங்க. தீர்ந்துடுச்சு," என்றார் பல்செட்காரர், இறங்கி டீச்சர் பக்கம் போய்க்கொண்டே.

"பூஜ்யம்னு தெரை காட்டணும், சார். தெரையே எதுவும் காட்டலன்னா பூஜ்யம்னு எப்படி எழுதறது?"

"அவங்களுக்கு மயக்கமா வருது. நகருங்க."

"ஐயோ, அவங்களத் தொடாதீங்க சார்!" என்று அலுவலர் பதறினார். பதறியது உண்மைதான். "வண்டி பாதி உள்ள, பாதி வெளிய நிக்குது. அம்மா பேரு பதிவேட்ல இருக்கு. ஆய்வுக் குழு வந்து பாக்கற வரைக்கும் வண்டி, பயணி எல்லாம் இருந்தபடியே இருக்கணும். ஒரு நிமிஷம், கூப்பிட்டுடறேன்." சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். அது இரண்டு சதவீதத்தில் சிவந்து கிடந்தது. அலுவலர் விசிறி ஓடிக்கொண்டிருந்த பிளக்கைப் பார்த்தார், பல்செட்காரரைப் பார்த்தார், சங்கடமாகச் சிரித்தார்.

"சார், இதுல அஞ்சே நிமிஷம் சார்ஜ் போட்டுக்கட்டுமா?"

பல்செட்காரர் அடிப்பதற்குக் கையை ஓங்கியேவிட்டார். அப்போது காருக்குள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது. டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேட்கிற அதே குரல்.

"விசிறி வாரியத்தோடது. செல்போன் யாரோடது?"

"என்னோடதுதாம்மா."

"எங்க வீட்டுக் கரண்ட்ட உங்க செல்போன்ல ஏத்தி, கேட்டுக்கு வெளிய நின்னு பேசப்போறீங்க. செல்போனுக்கும் சட்டம் அதேதான்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. என் பையில மனு இருக்கு. எடுத்து எழுதிட்டுப் போட்டுக்குங்க."

அலுவலர் மனுவை வாங்கினார். எட்டுக் கட்டம் வரைக்கும் விறுவிறு என்று எழுதினார். ஒன்பதாம் கட்டத்தில் பேனா நின்றது. ‘சாலையில்’ என்று எழுதினால் அவரும் ஏற்றுமதியாளர். அவருக்கும் ஒரு வாயில், ஒரு அலுவலர், ஒரு குடை. கழுத்தில் வியர்வை இறங்கியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ‘வீடு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பழக்கதோஷத்தில் தன்னுடைய அலுவலக முத்திரையையும் குத்தினார்.

பல்செட்காரர் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு டீச்சரைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு, அலுவலரையும் மேசையையும் தாண்டி உள்ளே போய்க் கட்டிலில் படுக்கவைத்தார். அலுவலர் தடுக்கவில்லை; அவர் கண் சட்டைக்குள் போன தாளிலேயே இருந்தது.

தாளின் நகலோடு வாரியத்துக்குப் போன முறையீட்டில் டீச்சர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘கேட்டுக்கு வெளியே சாலையில் நின்று உங்கள் அலுவலர் எழுதியது உண்மையா, பொய்யா?’ வாரியம் மூன்று நாள் கூடிக் கூடிப் பேசியது. நாலாம் நாள் பதில் வந்தது.

‘வாரிய அலுவலர் உண்மைக்குப் புறம்பாக எழுதியிருக்க வாய்ப்பு இல்லை என்பதாலும், வாரியத்தின் விதி தவறாக இருக்க வாய்ப்பே இல்லை என்பதாலும், தங்கள் வாகனம் சென்றுவரும் இருபத்திரண்டு கிலோமீட்டர் சாலை இன்று முதல் தங்கள் வீட்டின் ஒரு பகுதியாகக் கருதப்படும். தங்கள் மின்சாரம் முழுவதும் வீட்டிலேயே செலவாவது குறித்து வாரியம் மகிழ்ச்சி அடைகிறது.’

குடை போயிற்று, மேசை போயிற்று, அலுவலர் விடைபெறும்போது கண் கலங்கினார். மறுபடியும் போய்வர ஒரு காபி. பல்செட்காரர் மேம்பாலத்தில் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தி அழுத்தி இறங்கினார். ஒரு மாதம் நன்றாகத் தூங்கினார்.

மாதக் கடைசியில் பில் வந்தது. அது கவரில் அடங்காமல் கட்டாக வந்தது. கூடம், விளக்கு இரண்டு. சமையலறை, விளக்கு ஒன்று. முன்னறை, விளக்கு மூன்று. சாலை, விளக்கு எழுநூற்று முப்பத்து மூன்று.

"இருபத்திரண்டு கிலோமீட்டரு, முப்பது மீட்டருக்கு ஒரு கம்பம்," என்று டீச்சர் விரலை மடக்கினார். "எண்ணிக்கை சரியாத்தான் போட்டிருக்காங்க."

தொகையைக் காபியில் சொல்ல முடியாது. வீட்டை விற்றால் கட்டலாம். ஆனால் சாலையையும் சேர்த்து யார் வாங்குவார்கள்? கட்டத் தவறினால் பதினைந்து நாளில் இணைப்பைத் துண்டிப்போம் என்று கீழே அச்சடித்திருந்தது. இணைப்புப் போனால் கார் போச்சு. கார் போனால் என்ன போகும் என்பதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பதினாலாம் நாள் டயாலிசிஸ் முடிந்து மத்தியான வெயிலில் வந்துகொண்டிருந்தார்கள். வாரிய அலுவலகத்துக்கு முன்னால் வழக்கம்போல வரிசையாக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டீச்சர் ஜன்னல் வழியாக அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னங்க, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

"வாந்தி வருதா, டீச்சர்?"

"இல்ல. பகல்ல லைட்டு எரியுது பாருங்க. போய் அணைச்சுட்டு வாங்க. நம்ம வீட்டு லைட்டுதானே?"

பல்செட்காரர் இறங்கினார். வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே கையை நீட்டி, துருப்பிடித்த பெட்டியைத் திறந்து, கைப்பிடியைக் கீழே இழுத்தார். வருஷக்கணக்கில் யாரும் தொடாததால் இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

கண்ணுக்கு எட்டிய தூரம் தெருவிளக்குகள் அணைந்தன. கூடவே வாரிய அலுவலகமும் அணைந்தது. சிக்கனப் பலகை அணைந்தது, ஜன்னல்களின் விளக்குகள் அணைந்தன, பொறியாளரின் மூன்று விசிறிகளும் சுற்றி ஓய்ந்தன. வாரியத்துக்கு வாரியமே எதற்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று, தன் அலுவலகத்துக்கான மின்சாரத்தை வாரியம் இத்தனை வருஷமும் தெருவிளக்குக் கம்பியிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தது.

உள்ளே கூச்சல் கிளம்பியது. முதலில் மூன்றாம் ஜன்னல்காரர் வந்தார். பின்னாலேயே கழுத்தைத் துடைத்துக்கொண்டு பொறியாளர் வந்தார்.

"யாருய்யா கரண்ட்ட அணைச்சது?"

டீச்சர் கார்க் கண்ணாடியை இறக்கினார்.

"வீட்டுக்காரங்கதான். பகல்ல வீணா எரிஞ்சுது, அணைச்சோம். அது இருக்கட்டுங்க, எங்க வீட்டுக் கரண்டு உங்க ரூமுக்குள்ள எப்படி வந்துச்சு?"

பொறியாளர் சுவிட்சுப் பெட்டியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், வாசலில் கூடிவிட்ட கூட்டத்தைப் பார்த்தார். டீச்சர் கைப்பையைத் திறந்து ஒரு வெற்று மனுவையும் பேனாவையும் எடுத்து, கட்டுப் போட்ட கையாலேயே வெளியே நீட்டினார்.

"ஒன்பதாம் கட்டத்த மட்டும் பாத்து எழுதுங்க."

பொறியாளர் வாங்கிக்கொண்டார். வெயிலில் நின்றுகொண்டு ஒன்பதாம் கட்டத்தைப் பார்த்தார். ‘வாரிய அலுவலகம்’ என்று எழுதினால் அது திருட்டு, ‘வீடு’ என்று எழுதினால் வாரியமே டீச்சர் வீடு. பல்செட்காரர் காரில் ஏறி உட்கார்ந்தார். அவர்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. வண்டியில் ஐம்பத்திரண்டு சதவீதம் இருந்தது.